தண்ணீரில் மிதந்த மிளகு

நம் சங்கப் பக்கத்தின் பாஸ்வேர்டை உங்கள் இருவரிடமும் ஒப்படைத்து ஒரு மாதம் ஆகிறது. ஓய்வு பெற்றவள் ஓய்வாக இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எங்கே! நேற்று நீங்கள் போட்ட அன்னாசி வீடியோவைப் பதினோரு தடவை பார்த்துவிட்டேன். பழத்தை அறுத்ததும் சாறு வழிந்து கத்தி நுனியில் ஒரு சொட்டு நிற்கிறதே, அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் "அடடா" என்றேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், "பழம் நம்மூட்லயே இருக்குது, வெட்டித் தரட்டுமா?" என்று கேட்டார். அவருக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும்.

எந்த வீடியோவுக்கு எந்தப் பாட்டு, எத்தனை மணிக்குப் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்பதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதில் நான்தான் உங்களிடம் படிக்க வேண்டும். நான் சொல்ல நினைப்பது இரண்டு சமயங்களைப் பற்றி. ஒன்று, படம் பிரமாதமாக வந்துவிட்டது, போட்டுவிடலாமா என்று விரல் துடிக்கிற சமயம். இன்னொன்று, முகம் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து நம்மைத் திட்டுகிற சமயம். இரண்டிலும் என்ன செய்வது என்று எனக்குக் காட்டியவர் என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். போனைக் கையில் எடுக்கவே பிடிக்காதவர். மலை மேல் குண்டனி நாடு என்கிற பகுதியில் சாமையும் மரவள்ளியும் மிளகும் விளைவிக்கும் விவசாயி. அப்போது நம் சங்கத்தின் தலைவி. பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் தலைவி என்றே எழுதுகிறேன். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அம்மிணி என்பேன்.

நான் அடிவாரத்துக்காரி. தினமும் பஸ்ஸில் மலைப்பாதையின் எழுபது வளைவுகளையும் ஏறி மேலே வந்து, பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை விவசாயிகள் சேர்ந்து, மூட்டையாகப் போட்டுக்கொண்டிருந்த சரக்கைப் பாக்கெட்டாக்கி, வாங்குகிறவர்களுக்கு நேராக அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. படம் போடுகிற செயலியில் நமக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானது. யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான் எனக்கு இருந்த தகுதி. ஐம்பது வயதில் கையில் ஒரு புதுப் போனைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியதைப் போல இருந்தது எனக்கு!

ஆரம்பத்தில் என்னென்ன கூத்தடித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஃபில்டர் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்த வாரம், தேன் பாட்டிலை வெயிலுக்கு எதிரே வைத்துப் படம் எடுத்து, அதற்கு மேல் ஒரு ஃபில்டரும் போட்டேன். மலைத்தேன் காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். என் படத்தில் அது உருக்கிய தங்கமாக ஜொலித்தது. ஆர்டர்கள் குவிந்தன. இரண்டு வாரம் கழித்துத் தஞ்சாவூரிலிருந்து ஒரு பெரியவர், நம் பாட்டிலையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். கீழே ஒரே வரி. "அம்மா, வந்த தேன் நன்றாக இருக்கிறது. படத்தில் உள்ள தேனை எப்போது அனுப்புவீர்கள்?"

வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. அன்றே அந்தப் படத்தை எடுத்துவிட்டு, கறுத்த தேனைக் கறுப்பாகவே எடுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு ஃபில்டர் பக்கம் நான் போனதில்லை. இது சின்னத் தப்பு. சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அடுத்தது அப்படியல்ல.

தை மாதம், மிளகு பறிப்பு தொடங்கியிருந்தது. காலையில் தலைவியின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சில்வர் ஓக் மரத்தில் கொடி உச்சிவரை ஏறியிருந்தது. ஒற்றை மூங்கிலில் கணுக்களை மட்டும் விட்டுச் செய்த ஏணியைச் சாத்தி, அதன் நுனியில் நின்று தலைவி பறித்துக்கொண்டிருந்தார். கீழே பனி. மேலே அவர் முகத்தில் மட்டும் வெயில். கீழே நின்ற யாரோ என்னவோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தார். நான் படத்தை எடுத்துவிட்டேன். எடுத்த கையோடு போட்டும்விட்டேன்.

அதுவரை நம் பக்கத்தில் எந்தப் படமும் அப்படி ஓடியதில்லை. ஒவ்வொரு முறை போனைத் திறக்கும்போதும் எண்ணிக்கை தாவிக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெண்மணியிடமெல்லாம் காட்டினேன். மூன்றாம் நாள் தலைவி ஆபீசுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே யாரையாவது கேலி செய்துகொண்டு வருகிறவர், அன்று பேசாமல் வந்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"அக்கா, அந்தப் படத்துல இருக்கறது ஆரு?"

"நீங்கதான் அம்மிணி! எத்தன பேரு பாத்திருக்கறாங்க தெரியுமா?"

"நான்தான்னா, என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க்கா."

எனக்கு அப்போதும் விஷயம் உறைக்கவில்லை. "படம் அத்தன அழகா வந்திருக்குது அம்மிணி" என்றேன்.

"மக காலேஜுல இருந்து போன் பண்ணினா. கூடப் படிக்கற புள்ளைங்க அந்தப் படத்தக் காட்டி, 'உங்கம்மாவா, பாவம்'னாங்களாம். அதுக்குக் கீழயும் பாவம் பாவம்னுதான் எழுதியிருக்கறாங்களாமா. நான் பாவமாக்கா? இருவத்தஞ்சு வருசமா மரம் ஏறறேன். ஒருக்காக்கூட வுழுந்ததில்ல. எங்கொடி, எம்மரம். இதுல எங்கிருந்து வந்துச்சு பாவம்?"

கமெண்டுகளைத் திறந்து பார்த்தேன். மூன்று நாட்களாக நான் எண்ணிக்கையைத்தான் பார்த்திருந்தேன், ஒன்றையும் படிக்கவில்லை. பாவம் என்று எழுதியவர்களாவது பரவாயில்லை. அவருடைய காலைப் பற்றி, புடவையைத் தூக்கிச் செருகியிருந்ததைப் பற்றி எழுதியவர்கள் இருந்தார்கள். அவருக்கு அதைக் காட்டாமல் போனைத் திருப்பிக்கொண்டேன்.

"எடுத்துருங்கக்கா."

இந்த இடத்தில் நான் ஒன்றை மறைக்கக் கூடாது. "ரெண்டு நாள் மட்டும் இருக்கட்டும் அம்மிணி, ஆர்டர் வந்துட்டே இருக்குது" என்று கெஞ்சினேன். அவர் எழுந்து போகவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அழித்தேன். நம் பக்கத்திலேயே அதிகம் பேர் பார்த்த படம் ஒரு நொடியில் இல்லாமல் போனது. "இனி எம்மூஞ்சி அதுல வரவேண்டாமுங்க்கா. கைய வேணும்னா எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம் பக்கத்தில் கைகளின் படம் ஏன் இத்தனை என்று நீங்கள் கேட்டீர்களே, அது இப்படித்தான் ஆரம்பித்தது. பறிக்கிற கை, காம்பு ஆய்கிற கை, சாமை புடைக்கிற கை. எடுப்பதற்கு முன் கேட்பேன். எடுத்ததும் காட்டுவேன். சரி என்றால்தான் போடுவேன். வாங்குகிறவர்களுக்கும் அந்தக் கைகள் பிடித்துப்போயின. ஒரு கையைப் பார்த்துவிட்டு, "இவங்கதானே போன வருசம் காப்பி பறிச்சவங்க?" என்று கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன்.

இரண்டு வருடங்கள் கழித்து. பக்கம் நன்றாக வளர்ந்திருந்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்திருந்தது. புது மிளகுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள், தினமும் கேட்டார்கள். ஒருநாள் ஆர்வம் தாங்காமல், "அடுத்த திங்கட்கிழமை புது மிளகு புறப்படுகிறது!" என்று படத்தோடு அறிவித்துவிட்டேன். களத்தில் மிளகு காயவைக்கும் பெண்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறிவித்த மறுநாளே பனி மூடிக்கொண்டது. மூன்று நாட்கள் வெயிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் மிளகு காய்ந்து முடிந்தது.

வழக்கமாக மிளகை இரண்டு தடவை முறத்தில் புடைப்பார்கள். அப்போதுதான் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகு பறந்து போகும். அன்று களத்தில் இருந்தவர்களிடம் நான் சொன்னேன், "ஒருக்காப் புடைச்சாப் போதும், நாளைக்கு அனுப்போணும்." அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேக்கிங் பொறுப்பும் என்னுடையதுதான், அதனால் எதிர்த்துப் பேசவில்லை. திங்கட்கிழமை சொன்னபடி பாக்கெட்டுகள் மலை இறங்கின. கூரியர் வேலையைப் பார்த்த சரவணன் வண்டியில் ஏற்றுவதைப் படம் எடுத்து, "சொன்ன தேதி, சொன்ன சொல்!" என்று போட்டேன். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும். என் போன் மேஜை மேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தேன். சமையல் வீடியோ போடுகிற ஒரு பெண், லட்சக்கணக்கான பேர் பின்தொடர்கிறவர், நம்மை டேக் செய்திருந்தார். அவர் கையில் நம் பாக்கெட். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். மிளகைப் போடுகிறார். பெரும்பாலும் மூழ்குகிறது. ஒரு பிடி மேலே மிதக்கிறது. "பாருங்கள் மக்களே, மலையிலிருந்து நேரடியாக வருகிறதாம். பப்பாளி விதை கலந்த மிளகு!"

அதற்குள் நம் பக்கத்தில் கமெண்டுகள் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. திருடர்கள். மலையின் பெயரைச் சொல்லி மோசடி. இரண்டு வருடங்களாக வாங்குகிறவர்கள்கூட, "இதற்கு என்ன பதில்?" என்று கேட்டிருந்தார்கள். அதுதான் எனக்கு வலித்தது. ஆர்டர்கள் ஒவ்வொன்றாக ரத்தாகிக்கொண்டிருந்தன.

சரவணன் பல்லைக் கடித்தான். "அக்கா, எல்லாக் கமெண்டயும் அழிங்க. அந்தம்மாவ பிளாக் பண்ணுங்க. பொய் சொல்லுதுங்க்கா அது."

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு பதிலை அவசர அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். ஏழை விவசாயிகளின் வயிற்றில் அடிக்காதீர்கள், வழக்குப் போடுவோம், அது இது. அனுப்பும் பொத்தானுக்கும் என் விரலுக்கும் நடுவே ஒரு அரிசி அளவு தூரம்தான். அந்த நேரத்தில் தலைவி உள்ளே வந்தார். தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார், சேலை முந்தானையில் காப்பி இலை ஒட்டியிருந்தது.

"என்னுங்க்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

வீடியோவைக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை டம்ளரைக் காட்டும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு நான் எழுதியிருந்த பதிலைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"வேண்டாமுங்க்கா. மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி கொண்டாங்க. அதே மூட்டை மொளகும் ஒரு கைப்பிடி கொண்டாங்க."

கொண்டு வந்து ஊற்றினோம், போட்டோம். மேஜையைச் சுற்றி பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். மிளகு மூழ்கியது. அப்புறம் ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று மேலே வந்து மிதந்தது.

யாராவது நிஜமாகவே கலந்துவிட்டார்களா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். தலைவி மிதந்ததில் ஒன்றை எடுத்தார். பல்லில் வைத்துக் கடித்தார்.

"மொளகுதானுங்க்கா. பொக்கு. உள்ள ஒண்ணுமில்ல." என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்தன தடவ பொடச்சாங்க?"

பேக்கிங் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். "ஒருக்கா" என்றேன். "நான்தான் சொன்னேன் அம்மிணி. தேதி குடுத்துட்டேன்னு."

அவர் திட்டவில்லை. சரவணன்தான் அவசரப்பட்டுச் சொன்னான். "அப்ப நம்ம மேல தப்பில்லீங்க! பப்பாளி வெதை இல்லைன்னு மட்டும் சொல்லிருவோம். பொக்கப் பத்தி நாம எதுக்குங்க வாயத் தொறக்கோணும்?"

"மெதந்தது நெசந்தானே?" என்றார் தலைவி. "அந்தம்மா கண்ணுல பாத்தத சொல்லியிருக்குது. பேரத்தான் மாத்திச் சொல்லிப்போட்டுது. நாம பேரயும் சொல்லோணும், மெதந்ததயும் சொல்லோணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "லைவுன்னு ஒண்ணு சொல்வீங்களே, அதுல வெட்டி ஒட்ட முடியாதுதானுங்களே?" என்று கேட்டார்.

"முடியாதுங்க."

"அப்ப அதப் போடுங்க. நான் பேசறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க மூஞ்சி தெரியுமே அம்மிணி."

"தெரியட்டுமுங்க்கா. இந்தத் தடவ நீங்க கேக்காம எடுக்கலையே. நான்ல சொல்றேன்."

அதற்கு மேல் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது. ஆபீசில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், லைவ் போடுகிற அளவுக்குக் களத்துக்கு மேலே இருக்கும் பாறையில்தான் நிற்கும். தண்ணீர்ச் சொம்பு, இரண்டு டம்ளர், முறம், மிளகு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாதி வழியில் அஞ்சலைக்கு, பேக்கிங்கில் இருந்த பெண்ணுக்கு, ஒரு யோசனை வந்தது. "அக்கா, எங்கூட்ல வெதைக்குன்னு பப்பாளி வெதை காய வெச்சிருக்கறேன்!" என்று கத்திக்கொண்டே தன் வீட்டுக்கு ஓடி, ஒரு கொட்டாங்கச்சியில் அள்ளிக்கொண்டு வந்தாள். அவளை அங்கேயே கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

லைவை ஆரம்பித்தேன். திட்டுவதற்கென்றே காத்திருந்தவர்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள்.

"வணக்கமுங்க" என்றார் தலைவி. "நான் வெவசாயி. இந்த மொளகு எங்குளுது. இதுல என்ன மெதக்குதுன்னு நானும் இப்பத்தான் பாத்தேன். உங்களுக்கும் காட்டறேன்."

பாறை மேல் மூன்று குவியல்கள் வைத்தார். பப்பாளி விதை. பொக்கு மிளகு. நல்ல மிளகு. மூன்றிலும் ஒன்றொன்று எடுத்துக் கல்லால் நசுக்கினார். நான் போனைக் கிட்டே கொண்டுபோனேன். பப்பாளி விதை நீள்வட்டமாக இருந்தது, சுருக்கம் வேறு. மிளகு உருண்டை. பொக்கு நசுங்கியதும் வெறும் தோல். நல்ல மிளகுக்குள்ளே வெள்ளையாக மாவு.

நான் கமெண்டுகளைப் படித்துச் சொல்ல, அவர் பதில் சொன்னார். ஒன்று மிகவும் மரியாதையில்லாமல் வந்தது. நான் சட்டென்று நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? படிங்கக்கா."

"அந்தப் பப்பாளி விதையை நீயே தின்று பார்னு போட்டிருக்கறாங்க."

தலைவி ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். முகம் கோணியது. "கடுகாட்டம் இருக்குதுங்க!" என்றார். பின்னால் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அடுத்து பொக்கு மிளகைக் கடித்தார். "காரம் இருக்குது, சத்து இல்லீங்க." பிறகு நல்ல மிளகு நாலைச் சேர்த்துக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதானுங்க எங்க மொளகு" என்று முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கமெண்டுகளின் போக்கு மாறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். திட்டுகளுக்கு நடுவே சிரிப்புகள் வர ஆரம்பித்தன.

அப்போதுதான் அந்தச் சமையல் வீடியோப் பெண்ணே உள்ளே வந்தார். அவர் பெயர் திரையில் தெரிந்தது. அவர் ஏதோ எழுத ஆரம்பிக்கிறார். அந்த நொடி பார்த்து மேகம் இறங்கி, சிக்னல் போய், லைவ் அறுந்துவிட்டது!

"ஐயோ, ஓடிட்டோம்னு நெனச்சுக்குவாங்களே!" என்று நான் அலறினேன்.

"மேல ஏறுங்கக்கா, மேல!" தலைவி முறத்தை இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு பாறையின் உச்சிக்கு ஏறினார். சரவணன் சொம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறினான். ஐம்பத்திரண்டு வயதில் நான் பாறையில் நாலு காலில் தவழ்ந்து ஏறினேன், போனை வாயில் கவ்விக்கொள்ளாத குறைதான். உச்சியில் ஒரு கோடு வந்தது. இரண்டு கோடு. மறுபடி ஆரம்பித்தேன். போனவர்கள் திரும்பி வந்தார்கள். அந்தப் பெண்ணும் வந்தார். அவர் கேள்வி திரையில் இருந்தது.

"சரி, பப்பாளி விதை இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சத்தில்லாத மிளகை எனக்கு ஏன் அனுப்பினீர்கள்?"

படித்தேன். தலைவி வாயைத் திறந்தார். "அது எங்க தப்புங்க, நாங்க..."

தலைவி சொன்ன அந்த "எங்க" என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. முகமே காட்டமாட்டேன் என்றவர் ஆயிரம் பேர் நடுவே நின்று என் தப்பைத் தன் தலையில் தூக்கிக்கொள்கிறார். நான் போனுக்குப் பின்னால் பத்திரமாக நிற்கிறேன். யோசிக்கவே இல்லை. போனை என் பக்கம் திருப்பினேன். தலை கலைந்து, மூக்கில் வியர்வையோடு, முதல்தடவையாக நம் பக்கத்தில் என் முகம் வந்தது.

"வணக்கம். இத்தனை நாளா இங்க படம் போடறது நான்தானுங்க. தப்பு அவங்களுது இல்லீங்க, என்னுது. திங்கக்கிழமை அனுப்பறோம்னு களத்துல கேக்காம நானே சொல்லிட்டேன். தேதியக் காப்பாத்தோணும்னு ரெண்டு தடவ பொடைக்க வேண்டியத ஒருக்காப் பொடைச்சாப் போதும்னு சொன்னதும் நான்தானுங்க. மன்னிச்சுக்குங்க."

பக்கத்தில் வந்து நின்ற தலைவி, "இந்த மொளகு வாங்குனவங்க சொல்லுங்க, மறுக்கா அனுப்பறோம். ஆனா தேதி சொல்ல மாட்டமுங்க. வெயில்தான் சொல்லோணும்" என்றார்.

அன்று மாலை அந்தப் பெண் நம் லைவைத் தன் பக்கத்தில் பகிர்ந்தார். "பப்பாளி விதை என்றது என் தவறு. பொக்கு அனுப்பியது அவர்கள் தவறு. இருவரும் சொல்லிவிட்டோம்" என்று எழுதியிருந்தார். சண்டையும் இல்லை, கொஞ்சலும் இல்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுவது அதற்குப் பிறகு வந்த வாரத்தை. இருந்த மிளகு முழுவதையும் மறுபடி களத்தில் கொட்டினோம். தலைவி, அஞ்சலை, பேக்கிங் பெண்கள், அரியூர் நாட்டிலிருந்து உதவிக்கு வந்த நாலு பேர், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து புடைத்தார்கள். எனக்கும் ஒரு முறம் கொடுத்தார்கள். முதல் நாள் நல்ல மிளகையும் சேர்த்துப் பறக்கவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். பொக்கு பறப்பதைத் தினமும் வீடியோ எடுத்துப் போட்டேன். பாட்டு இல்லை, முறத்தின் சத்தம் மட்டும். "இன்றைக்கு வெயில் எப்படி?" என்று நாகர்கோவிலிலிருந்து கேட்டார்கள். "மெதுவாகவே புடையுங்கள், காத்திருக்கிறோம்" என்று சிங்கப்பூரிலிருந்து எழுதினார்கள். ரத்து செய்தவர்கள் திரும்பி வந்தார்கள். வருத்தம் போகாமல் திரும்பாதவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுப் பாக்கெட்டுகள் போய்ச் சேர்ந்ததும் ஆரம்பித்தது திருவிழா! நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஆளாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் நம் மிளகைப் போட்டுப் படம் எடுத்து நம்மை டேக் செய்தார்கள். எவர்சில்வர் டம்ளர், ஜாம் பாட்டில், ஒருவர் குழந்தையின் பால் பாட்டில். எல்லாவற்றிலும் மிளகு அடியில் கிடந்தது. ஆபீசில் ஒவ்வொரு படத்தையும் நான் உரக்க அறிவிப்பேன், பேக்கிங் பெண்கள் கைதட்டுவார்கள்.

நாலாம் நாள் கரூரிலிருந்து ஒரு படம் வந்தது. டம்ளரின் அடியில் மிளகு. மேலே, நட்டநடுவில், ஒரே ஒரு மிளகு மிதக்கிறது. "ஒன்று தப்பிவிட்டது போல" என்று எழுதிச் சிரித்திருந்தார்கள்.

இதைப் பகிராமல் விட்டால் யாருக்கும் தெரியாது. கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடும். நான் போனைத் தலைவியிடம் நீட்டினேன்.

அவர் உற்றுப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "அது நீங்க பொடச்ச முறமாத்தான் இருக்கோணும்!" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தாமலே சொன்னார்:

"போடுங்கக்கா. அத மொதல்ல போடுங்க."

போட்டேன்.